மார்க்கா பள்ளத்தாக்குக்குப் பையைத் தானே சுமந்து போகிறவர்கள் துணியை எடை போட்டு எடுங்கள்

லடாக்கின் மார்க்கா பள்ளத்தாக்கில் நடக்கப் போகிறவர்களில் இரண்டு வகை உண்டு. குழுவாகப் போய், பெரிய பையைக் குதிரை மேல் ஏற்றிவிட்டு, தண்ணீர் பாட்டிலும் கேமராவுமாகக் கையை வீசிக்கொண்டு நடப்பவர்கள் ஒரு வகை. ஊர் ஊராக வீடுகளில் தங்கிக்கொண்டு, எல்லாவற்றையும் தன் முதுகிலேயே சுமந்து போகிறவர்கள் இன்னொரு வகை. நான் இரண்டாவது வகை, அதுவும் தனியாகப் போனேன். ஆனால் என் கையில் இருந்த துணிப் பட்டியல் முதல் வகை ஆட்களுக்காக எழுதப்பட்டது. ஒரு மலையேற்ற நிறுவனம் தன்னோடு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் பட்டியல் அது. இணையத்தில் கிடைக்கும் பட்டியல்களில் பாதிக்கு மேல் இப்படித்தான், சுமக்கப்போவது குதிரை என்ற நினைப்பில் எழுதியவை. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இருபதாயிரம் ரூபாய்க்கு மேல் மிச்சமாகியிருக்கும், வழியில் கடைசி முகாமான நிமாலிங்கில் அந்த ராத்திரியும் வந்திருக்காது.

நான் திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் மெர்ச்சண்டைசர். நாள் முழுக்க ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு), ஷ்ரிங்கேஜ் (துணி சுருங்கும் அளவு), டெலிவரி தேதி என்றே பேசிப் பிழைப்பவள். ஆகஸ்ட் கடைசியில் ஒரு பெரிய ஆர்டர் முடிந்ததும் விடுப்பு வாங்கிக்கொண்டு கிளம்பினேன். பட்டியல் சொன்னது இது: டி-ஷர்ட் ஐந்து, பேன்ட் மூன்று, தெர்மல் இரண்டு செட், ஃபிளீஸ் இரண்டு, மைனஸ் பத்து டிகிரி தாங்கும் ஜாக்கெட் ஒன்று, மழைக்கோட்டு, சாக்ஸ் ஆறு ஜோடி. ஜாக்கெட்டைக் கோவையில் ஒரு பெரிய கடையில் 6,800 ரூபாய்க்கு வாங்கினேன். தெர்மலுக்கு நம்ம ஊர் காதர்பேட்டை இருக்கிறதே என்று போனேன். ஏற்றுமதியில் மிஞ்சிய மால் அங்கே பாதி விலைக்கும் குறைவு. கடைக்காரர் எடுத்துப் போட்டது உள்பக்கம் பொசுபொசுவென்று பிரஷ் செய்த துணி. "அக்கா, இது ஃபாரின்ல பனிக்குன்னே செஞ்ச மாலுங்க, உள்ளே போட்டீங்கன்னா குளிரே தெரியாதுங்க" என்றார். சர்ப்ளஸ் மாலில் வழக்கம்போல லேபிளை வெட்டியிருந்தார்கள். செட் 900 ரூபாய் என்று இரண்டு செட். வீட்டில் அம்மா பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஏஞ்சாமி, ஒரு ஸ்வெட்டராவது சேத்தி வெச்சுக்க" என்று தன் பங்குக்கு ஒன்றைத் திணித்தார்.

பை 13 கிலோ வந்தது. உள்நாட்டு விமானங்களில் பொதுவாக 15 கிலோ வரை விடுவார்கள், அதனால் விமான நிலையத்தில் பிரச்சினையே இல்லை. அதுதான் ஏமாற்றுகிற இடமும். விமானத்துக்குக் கனமில்லாத பை, 3,500 மீட்டர் உயரத்தில் மூச்சு வாங்க நடக்கிறவருக்குக் கனம்தான். லேயில் குறைந்தது இரண்டு நாளாவது சும்மா படுத்துக் கிடக்க வேண்டும், உடம்பு உயரத்துக்குப் பழக வேண்டும். அதைப் பற்றி எல்லாரும் எழுதியிருக்கிறார்கள், நான் திரும்பச் சொல்லப்போவதில்லை. அந்த ஓய்வு முடிந்ததும் பையை முதுகில் மாட்டிக்கொண்டு சாந்தி ஸ்தூபி படிக்கட்டை ஏறிப் பாருங்கள். உங்கள் பட்டியல் சரியா இல்லையா என்று அந்தப் படிகளே சொல்லிவிடும். அதிகமாக இருப்பதைத் தங்கும் விடுதியிலேயே வைத்துவிட்டுப் போகலாம், நடையை முடித்து லேவுக்குத்தானே திரும்பி வரப்போகிறோம்.

நடை தொடங்கும் ஸ்கியுவிலிருந்து மார்க்கா ஊர் வரைக்கும் உள்ள நடையில் என்னை வாட்டியது வெயில். கம்பளியும் தெர்மலும் முதுகில் கிடக்க, நெற்றியில் வேர்வை. வில்லோ மரங்கள் இருக்கிற இடங்களைத் தவிர நிழலே கிடையாது. மேலே போகப் போக ஆயிரம் மீட்டருக்குப் பத்து சதவீதம் அளவுக்குப் புற ஊதாக் கதிர் கூடுகிறது. 3,500 மீட்டரில் நம்ம ஊர் சித்திரை வெயிலுக்குப் பழகிய தோலும் தாங்காது. அரைக்கை டி-ஷர்ட் போட்டிருந்தேன், சாயங்காலத்துக்குள் முழங்கைக்குக் கீழே எரிய ஆரம்பித்துவிட்டது. பை வார் உரசிய தோள்பட்டையில் கொப்புளம். பட்டியலில் டி-ஷர்ட் ஐந்து என்று இருந்ததே தவிர, காலர் வைத்த முழுக்கைச் சட்டை ஒன்று என்று எங்கும் இல்லை. நடக்கும்போது போட ஒரே ஒரு மெல்லிய முழுக்கைச் சட்டை போதும். காலரைத் தூக்கிவிட்டால் பிடரியும் வார் உரசலும் தப்பும், கைப்பட்டனைக் கழற்றிச் சுருட்டினால் காற்று வரும். பின்கழுத்தை மறைக்கும் துணி வைத்த தொப்பியும் வேண்டும். கிராமங்களுக்குள் கையில்லாத பனியனும் அரைக்கால் டிராயருமாகப் போவது அங்கே உள்ளவர்களுக்கு அவ்வளவாகப் பிடிக்காது என்பதும் ஞாபகம் இருக்கட்டும். முழுக்கை அதற்கும் ஆயிற்று.

மார்க்காவில் நான் தங்கிய வீட்டின் அமா-லே (அங்கே அம்மாக்களை மரியாதையாக அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்) வாய்க்காலில் துணி அலசிக்கொள்ளச் சொன்னார். சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். லடாக் காற்று எலும்பு வரை காய்ந்த காற்று, ராத்திரிக்குள் காய்ந்துவிடும் என்று லெக்கிங்ஸையும் இரண்டு டி-ஷர்ட்டையும் அலசிக் கொடியில் போட்டேன். காலையில் அவை அப்பளம்போல விறைத்திருந்தன, உள்ளே ஈரம் அப்படியே. பள்ளத்தாக்கு குறுகலானது. மாலையில் சூரியன் மலைக்குப் பின்னால் போனதுமே வெப்பம் சரசரவென்று இறங்கிவிடுகிறது. அங்கே துணி காய்வது மதியம் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை அடிக்கும் வெயிலில்தான். சீக்கிரம் ஊர் சேர்ந்தால் முதல் வேலையாகத் துவைத்துவிட வேண்டும், தேநீர் அப்புறம். நேரமாகிவிட்டால் அழுக்கோடு விட்டுவிடுங்கள், ஈரத்துணிக்கு அழுக்குத்துணி மேல். அடுப்புப் பக்கத்தில் காயவைக்கலாமே என்று தோன்றும். சாணமும் விறகும் எரியும் புகாரி அடுப்பிலிருந்து பொறி தெறித்தால் பாலியஸ்டரிலும் நைலானிலும் பொத்தல் விழும். சிறிது நெருங்கிவிட்டால் உருகியே போகும். கம்பளியை மட்டும் அங்கே தொங்கவிடலாம்.

ஆக, ஹன்கர் ஊரிலிருந்து மேலே ஏறும்போது என் பையின் எடை இறங்கியிருக்க வேண்டியதற்குப் பதிலாக ஏறியிருந்தது. ஈரத்துணியைத் தனியாக பிளாஸ்டிக் கவரில் கட்டி மேலே செருகியிருந்தேன். காலையில் நல்ல குளிர் என்பதால் தெர்மலைப் போட்டு அதன்மேல் ஃபிளீஸையும் போட்டுக்கொண்டுதான் கிளம்பினேன். தச்சுங்ட்சே தாண்டிய ஏற்றத்தில் முதுகெல்லாம் வேர்வை. கழற்றலாம் என்றால் வழியில் இரண்டு குழுக்கள், ஒரு மறைவிடம்கூடக் கிடையாது. தெர்மலோடு கிளம்பினால் இந்தத் தொல்லைதான், சட்டையைப்போல வழியில் கழற்ற முடியாது. காங் யாட்சே சிகரம் முழுசாகத் தெரிய ஆரம்பித்த இடத்தில் பின்னாலிருந்து மேகம் வந்தது. லடாக்கில் மழையே கிடையாது என்பார்கள். லேயின் வருட மழை சுமார் 100 மில்லிமீட்டர்தான் என்பது உண்மை. ஆனால் 2010 ஆகஸ்ட் தொடக்கத்தில் ஒரே இரவில் கொட்டிய மழையில் லேயைச் சுற்றி 200-க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனதும் அதே லடாக்கில்தான். எனக்கு வந்தது அப்படிப்பட்ட பெருமழை இல்லை. பனியும் தண்ணீரும் கலந்த சாரல், கூடவே முகத்தில் அறைகிற காற்று. அவ்வளவே.

பெரிய ஜாக்கெட்டை எடுத்துப் போட்டேன். அதன்மேல் மழைக்கோட்டு ஏறவில்லை. கடையில் சட்டைக்கு மேல் போட்டுப் பார்த்து அளவெடுத்த கோட்டு அது, கை பாதியிலேயே நின்றுவிட்டது. சரி, மழைக்கோட்டை உள்ளே போட்டு ஜாக்கெட்டை வெளியே போடலாம் என்றால், அரை மணி நேரத்தில் ஜாக்கெட் தண்ணீரைக் குடித்துக் கனத்துத் தொங்கியது. உள்ளே வேர்வையில் ஊறிய தெர்மல் ஐஸ் ஒத்தடம்போல முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. நடக்கும்வரை ஓரளவு தாங்கினேன். மூச்சு வாங்க நின்றால் பற்கள் தானாக அடித்துக்கொண்டன. விரல்கள் பையின் பக்கிளைப் பிரிக்க மறுத்தன. எனக்கு முன்னாலும் பின்னாலும் ஆள் தெரியவில்லை. அழுதேனா என்று கேட்டால், ஆமாம் அழுதேன். கோபத்தில்தான். இத்தனை துணி வாங்கி, இத்தனையையும் சுமந்து, கடைசியில் உடம்பில் காய்ந்த நூல் ஒன்று இல்லையே என்று. குழம்பிப்போய்க் கொஞ்ச நேரம் ஒரு பாறைக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டேன். அந்த நிலையில் உட்காரவே கூடாது என்பது பிறகு தெரிந்தது. காற்றைவிடத் தண்ணீர் சுமார் இருபத்தைந்து மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை உறிஞ்சும், அதனால் ஈர உடையோடு அசையாமல் இருப்பதுதான் மோசம். குழறிப் பேசுவது, தடுமாறுவது, 'கொஞ்சம் படுத்தால் போதும்' என்று தோன்றுவது, இவையெல்லாம் உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்குவதன் அறிகுறிகள். யாராவது கூட இருந்தால் அவர்கள் கவனிப்பார்கள், தனியாகப் போகிறவர் தானேதான் தன்னைக் கவனித்துக்கொள்ள வேண்டும்.

ஒருவழியாக நிமாலிங் கூடாரங்களுக்குப் போய்ச் சேர்ந்தேன். அது கிட்டத்தட்ட 4,800 மீட்டர். பையைத் திறந்தால் உள்ளேயும் ஈரம். மேலே உறை போட்டிருந்தேன்தான். ஆனால் உறை பையின் முதுகுப் பக்கத்தை மூடுவதில்லை, வார் வழியாகத் தண்ணீர் இறங்கிவிடுகிறது. போதாக்குறைக்கு ஈரத்துணிப் பொட்டலம் வேறு கசிந்திருந்தது. சமையல் கூடாரத்தில் இருந்த அம்மா என் நிலைமையைப் பார்த்ததும் ஒன்றும் கேட்கவில்லை. எல்லாவற்றையும் கழற்ற வைத்துத் தன் கனத்த கம்பளி உடையைக் கொடுத்து, மேலே மூன்று போர்வை போட்டு, பாட்டிலில் வெந்நீர் ஊற்றி வயிற்றோடு அணைத்துக்கொள்ளச் சொன்னார். சூடான தூக்பா (நூடுல்ஸ் சூப்) உள்ளே போன பிறகுதான் நடுக்கம் நின்றது. என் பையில் 6 கிலோ துணி இருந்தது, அன்று ராத்திரி நான் தூங்கியது அவருடைய துணியில்.

மறுநாள், அடுத்து நான் தாண்ட வேண்டிய கோங்மாரு லா கணவாயில் புதுப்பனி. என் துணி எதுவும் காயவில்லை, அதனால் கிளம்பவும் முடியவில்லை. அதற்கு அடுத்த நாள் ஒரு குழுவோடு வந்த குதிரைக்காரர், "தீதி, பையைக் கொடுங்கள், நீங்கள் வெறுங்கையோடு ஏறுங்கள்" என்றார். கணவாய்க்கு அந்தப் பக்கம் ஷாங் சும்டோ அருகே இறக்கிவிட 2,500 ரூபாய். பேரம் பேசத் தெம்பில்லை. 5,200 மீட்டருக்கு மேலே உள்ள கணவாயைச் சுமையில்லாமல் ஏறியதில் வருத்தம் ஒன்றும் இல்லை, நன்றாகவே இருந்தது. ஆனால் விமானம் போய்விட்டது. லேயிலிருந்து கடைசி நேரத்தில் எடுத்த டிக்கெட் 9,600, கூடுதலாகத் தங்கிய செலவு ஏறக்குறைய 2,000. உதவாத ஜாக்கெட், தெர்மல் எல்லாம் சேர்த்தால் 22,000 ரூபாய்க்கு மேல் போயிற்று.

ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக அந்தத் தெர்மலின் ஓரத்திலிருந்து இரண்டு நூலை உருவிக் கொளுத்திப் பார்த்தேன். எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த சோதனை இது. பருத்தி காகிதம்போல எரியும், காகிதம் கருகும் வாசனை வரும், மிஞ்சுவது மெல்லிய சாம்பல். பாலியஸ்டர் சுருங்கி உருகி, ஆறியதும் கெட்டியான மணியாகும். கம்பளி தலைமுடி பொசுங்கும் நாற்றம் அடிக்கும். என் தெர்மல் அச்சு அசலாகக் காகிதம்போல எரிந்தது. பிரஷ் செய்த பருத்தி அது, குளிர்காலத்தில் வீட்டுக்குள் போடுகிற நைட்சூட் துணி. லேபிள் வெட்டிய மாலை வாங்குகிறவர்கள் ஒரு நூலைக் கடை வாசலிலேயே கொளுத்திப் பார்த்துவிடுங்கள், கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். நூலாலைகளில் ஈரப்பத அளவு என்று ஒன்று பார்ப்பார்கள். சாதாரணக் காற்றிலேயே பருத்தி தன் எடையில் எட்டரை சதவீதம் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பாலியஸ்டரில் அது அரை சதவீதம்கூட இல்லை. கம்பளி பருத்தியைவிடவும் அதிகமாகவே ஈரத்தை இழுக்கும். ஆனால் அதை இழைக்குள் வைத்துக்கொள்வதாலும் இழையின் சுருள் அமுங்கிவிடாமல் நிற்பதாலும், நனைந்தாலும் ஓரளவு கதகதப்பு தருகிறது. பருத்தியே கூடாது என்று திருப்பூர்க்காரி சொன்னால் அடிக்க வருவார்கள். நான் அப்படிச் சொல்லவும் இல்லை. கீழ்ப் பள்ளத்தாக்கின் வெயிலில் பருத்திச் சட்டை சுகமாகத்தான் இருக்கும். மேலே ஏறும் நாளில், குளிரும் காற்றும் சேரும் இடத்தில், உடம்பை ஒட்டிய துணியாக மட்டும் அது இருக்கக் கூடாது. நம்ம ஊர் ஈரிழைத் துண்டை மட்டும் நான் எங்கேயும் விடமாட்டேன். கடையில் விற்கும் மைக்ரோ ஃபைபர் டவலைவிட அது மெல்லியது, உதறிப் போட்டால் காய்ந்துவிடும், கழுத்தில் சுற்றினால் தூசிக்கு மறைப்பு.

அப்புறம் எங்கள் சாம்பிள் ரூமில் இருக்கும் தராசில் ஒவ்வொன்றாக எடை போட்டேன். மூட்டையாகத் தூக்கிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, ஒவ்வொன்றாகப் போட்டால்தான் குற்றவாளி மாட்டுவார். ஜாக்கெட் 1 கிலோ 340 கிராம். அம்மாவின் ஸ்வெட்டர் 520. பருத்தி லெக்கிங்ஸ் காய்ந்தபோது 210, நனைத்துக் கையால் நன்றாகப் பிழிந்த பிறகு 430. நைலான் பேன்ட் 280, பிழிந்த பிறகு 350. பிழிந்ததை அப்படியே ராத்திரி மின்விசிறிக்குக் கீழே தொங்கவிட்டு, காலையில் இடுப்புப் பட்டையையும் தையலையும் தொட்டுப் பார்த்தேன். நைலான் காய்ந்திருந்தது, லெக்கிங்ஸின் பட்டை ஈரம். இப்படிப்பட்ட தராசு கிடைக்காதவர்கள் வீட்டுச் சமையலறைத் தராசிலேயே போட்டுப் பார்க்கலாம்.

எடை போடும்போது எனக்குப் பிடிபட்டது ஒன்றே ஒன்று, இன்றைக்கும் அதை வைத்துத்தான் துணி எடுக்கிறேன். நான் கொண்டுபோகும் மேல் துணி அத்தனையும் ஒரே நேரத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக என் உடம்பில் ஏற வேண்டும். ஏறாதது எதுவும் பைக்குள் போகக் கூடாது. 'நாளைக்கு மாற்றிக்கொள்ள' என்று எடுக்கும் ஒவ்வொன்றும், குளிரில் உதவாத வெறும் சுமை. ஒரு கனத்த ஜாக்கெட் செய்கிற வேலையை மூன்று மெல்லிய துணிகள் எடை குறைவாகச் செய்துவிடும், வேண்டும்போது ஒவ்வொன்றாகக் கழற்றவும் முடியும். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும். ஸ்கியுவுக்கும் கோங்மாரு லாவுக்கும் நடுவில் உயரத்தால் மட்டுமே ஏறக்குறைய 12 டிகிரி வித்தியாசம், அதற்கு மேல் காற்றும் ராத்திரியும். இந்த இடைவெளியை ஒரே ஜாக்கெட்டால் சமாளிக்க முடியாது. கடைக்குப் போகும்போது உள்ளே போடப்போகும் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு போய் மழைக்கோட்டு அளவெடுங்கள். கோவை வெயிலில் பைத்தியம் என்று பார்ப்பார்கள், பரவாயில்லை. எனக்கு இரண்டு அளவு பெரிதாக வேண்டியிருந்தது.

அடுத்த வருடம் அதே பருவத்தில் அதே வழியில் திரும்பப் போனேன். நடக்கப் பாலியஸ்டர் முழுக்கைச் சட்டை, மாற்றாக 130 ஜி.எஸ்.எம். விளையாட்டு டி-ஷர்ட் ஒன்று. டி-ஷர்ட் காதர்பேட்டையில் 150 ரூபாய், நூலைக் கொளுத்திப் பார்த்து வாங்கியது. 150 ஜி.எஸ்.எம். மெரினோ கம்பளி பனியன் ஒன்று. இதற்குத்தான் காசு கொஞ்சம் அதிகம். ஆனால் நாள் கணக்கில் போட்டாலும் நாறாது, பாலியஸ்டரோ ஒரே நாளில் நாறிவிடும். அதன்மேல் மெல்லிய ஃபிளீஸ் 230 கிராம், சின்னதாகச் சுருட்டி வைக்கக்கூடிய செயற்கைப் பஞ்சு ஜாக்கெட் 380 கிராம். இறகு ஜாக்கெட் இன்னும் எடை குறைவு, லடாக்கின் வறண்ட காற்றுக்குப் பொருத்தமும்கூட. ஆனால் நனைந்தால் இறகு உருண்டைகட்டிப் பயனற்றுப் போகும், எனக்கு அந்த நிமாலிங் பயம் போகவில்லை. பிறகு 110 கிராமில் காகிதம்போல ஒரு விண்ட்சீட்டர். பட்டியல்களில் யாரும் மதிக்காத இதைத்தான் நான் அதிக நேரம் போட்டிருந்தேன். ஏற்றத்தில் குளிருக்குக் காரணம் பெரும்பாலும் காற்று, அதைத் தடுத்தாலே பாதி வேலை முடிந்தது. மழைக்கோட்டும் மெல்லிய மழைப் பேன்ட்டுமாக அரைக் கிலோ. நைலான் பேன்ட் ஒன்று, தூங்க ஒரு பாலியஸ்டர் தெர்மல் பேன்ட், மெல்லிய கையுறை, காது மூடும் குல்லா. போட்டிருப்பதையும் சேர்த்து எல்லாமே இரண்டரைக் கிலோ சொச்சம். தண்ணீரோடு பை மொத்தம் எட்டு கிலோவைத் தொடவில்லை. வழியில் உள்ள வீடுகளில் கனமான போர்வை தருகிறார்கள், நிமாலிங் கூடாரங்களிலும் பருவத்தில் மெத்தையும் போர்வையும் உண்டு, அதனால் தூங்கும் பை எடுக்காமல் உள்ளே விரிக்கும் மெல்லிய துணிப்பை மட்டும்.

சாக்ஸுக்குக் கணக்கு வேறு. நடக்க இரண்டு ஜோடி, மாற்றி மாற்றி. தூங்க மட்டும் ஒரு கம்பளி ஜோடி, அதை நடக்கும்போது தொடவே மாட்டேன். லே கடைவீதியில் கையால் பின்னிய கம்பளிச் சாக்ஸ் விற்பார்கள், அங்கேயே வாங்கிக்கொண்டால் போகிற வழியில் சுமக்கவும் வேண்டாம். இந்தத் தூங்கும் சாக்ஸும் மெரினோ பனியனும் தெர்மல் பேன்ட்டும் தனிப் பொட்டலம். என்ன மழை பெய்தாலும், எவ்வளவு குளிர்ந்தாலும், ஊர் சேரும்வரை அந்தப் பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது என்று எனக்கு நானே சட்டம் போட்டிருந்தேன். பைக்கு வெளியுறையை நம்புவதை விட்டுவிட்டேன். உள்ளேயே பெரிய கெட்டியான பாலிதீன் பை ஒன்றைப் போட்டு அதற்குள் எல்லாவற்றையும் அடுக்கி வாயைத் திருகிச் செருகிவிட்டால் போதும். எங்கள் ஊரில் கார்ட்டன் பெட்டிக்குள் போடுகிற பை அது, ஒரு பைசா செலவில்லை. ஆற்றைக் கடக்கிற இடங்களுக்கு வார் செருப்பு ஒன்று வேண்டும். பனி உருகி வருவதால் மதியத்துக்கு மேல் தண்ணீர் ஏறும், காலையில் கடந்துவிடுவது நல்லது. பேன்ட்டை முட்டிவரை சுருட்ட முடிகிறதா என்று வாங்கும்போதே பாருங்கள், இறுக்கமான லெக்கிங்ஸ் அதற்கு ஆகாது.

பெண்களுக்கு மட்டும் சில. நாம் வழக்கமாகப் போடும் பருத்தி உள்ளாடைகளும் இதே கதைதான், வேர்வையில் நனைந்தால் மார்பிலும் முதுகிலும் குளிரும். கெட்டியான பேடு வைத்த ஸ்போர்ட்ஸ் பிரா காயவே காயாது. பேடைக் கழற்றக்கூடிய மெல்லிய செயற்கை இழை பிரா இரண்டு போதும். முன்பக்கம் பட்டனோ ஜிப்போ உள்ள மேல்துணிகளாகவே எடுங்கள், தலைவழியாகக் கழற்றுகிற துணியை வழியில் மாற்ற முடியாமல்தான் நான் அன்று வேர்த்தேன். கிளம்பும்போது லேசாகக் குளிரட்டும், பத்து நிமிட நடையில் சரியாகிவிடும். நீளமான சட்டை இருந்தால் ஒதுங்குவதற்கும் வசதி, மரமில்லாத இடத்தில் இது எவ்வளவு பெரிய உதவி என்று போனால் தெரியும். மாதவிலக்குத் தேதி உயரத்தில் கணக்குத் தப்பலாம், அதனால் அடர் நிறப் பேன்ட்.

காசு எங்கே செலவழிக்கலாம் என்று கேட்டால், மெரினோவுக்கும் நல்ல சாக்ஸுக்கும். மழைக்கோட்டுக்குப் பத்தாயிரம் கொடுத்து கோர்டெக்ஸ் (மழையைத் தடுத்து வேர்வை ஆவியை வெளியே விடும் துணி) வாங்குவது லடாக்குக்கு வீண் என்பது என் எண்ணம், அங்கே வாரக்கணக்கில் மழையில் நடக்கப் போவதில்லை. தையல்களில் டேப் ஒட்டிய சாதாரணக் கோட்டே போதும். பஞ்சு ஜாக்கெட்டை ஊரிலேயே வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை, லேயில் மலையேற்றச் சாமான்களை நாள் வாடகைக்குத் தரும் கடைகள் நிறைய உண்டு. வாடகைக்கு எடுத்தால் ஜிப்பை மேலிருந்து கீழ்வரை இழுத்துப் பாருங்கள், பைக்குள் கையை விட்டுத் தையல் பிரிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். விட்டுப்போன குல்லா, கையுறை மாதிரிச் சில்லறை எல்லாம் மோட்டி மார்க்கெட்டில் மலிவாகக் கிடைக்கும்.

நான் சொன்ன எடையெல்லாம் ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் முதல் வாரத்துக்கு. செப்டம்பர் நடுவுக்கு மேல் போகிறீர்கள் என்றால் ராத்திரிகள் நன்றாக இறுகிவிடும், நிமாலிங்கில் பாட்டில் தண்ணீர் உறையும். அப்போது மெல்லிய கையுறைக்கு மேல் கெட்டியாக ஒன்று, நடக்கும் பேன்ட்டுக்கு உள்ளே போட இன்னொரு தெர்மல் பேன்ட், கொஞ்சம் கனமான ஜாக்கெட் என்று முக்கால் கிலோ கூட்டிக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் நிமாலிங் கூடாரங்களைப் பிரித்துவிட்டார்களா என்று லேயிலேயே விசாரித்துவிட வேண்டும். பிரித்திருந்தால் போர்வையும் இருக்காது, சூடான தூக்பாவும் இருக்காது, தூங்கும் பையும் கூடாரமும் உங்கள் முதுகில்தான் வர வேண்டியிருக்கும்.